எடுத்துடவா சார்?

ஒரு மனிதர் மடிக்கணினியைத் தூக்கிக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஓசூரில் வண்டிகளுக்குத் தகடு அடித்துத் தரும் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் பிரிவில் அவருக்குக் கீழே நான் தரப் பரிசோதகனாக இருந்தேன். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மழை ஓய்ந்து குளிர் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவருடைய அறையும் என்னுடைய அறையும் ஒரே மாடியில் அடுத்தடுத்து இருந்தன. கதவைத் தட்டி, "தம்பி, இதுக்குள்ள ஒரு சத்தம் கேக்கு. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, ஊர்ச் செய்தி கேட்கும் டிரான்சிஸ்டரைப் போல அதைக் காதில் வைத்திருந்தார். உள்ளே ஏதோ ஒன்று நகத்தால் தட்டுவதுபோல் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. திரை கறுப்பாக இருந்தது. டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஓர் ஆங்கில வரி மட்டும் ஓரத்தில் வெள்ளையாக நின்றது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மனைவியோடு விவாகரத்து ஆகியிருந்தது. மகள் தாயோடு தர்மபுரியில் இருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பாவைப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. இரண்டு ஊருக்கும் நடுவில் என்று கிருஷ்ணகிரி அணைப் பூங்காவை முடிவு செய்திருந்தார்கள். தாய்மாமா கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அழைத்துப் போவார். இதையெல்லாம் அவராக ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு ஆண்களுக்குள் எவ்வளவு தெரியவருமோ அவ்வளவு எனக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவில் அவளைப் படம் எடுப்பார். திரும்பி வந்ததும் படங்களை மடிக்கணினிக்கு மாற்றி, மாதத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வைப்பார். கேமராவின் கார்டில் இடம் குறைவு என்பதால் மாற்றிய கையோடு அதைத் துடைத்துவிடுவார். பால்பல் விழுந்தது, முதல்முறை சுரிதார் போட்டது, கண்ணாடி போட்டது என்று அவள் வளர்ந்தது முழுக்க அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அவருக்கு மகள் என்பது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான்.

மறுநாள் பாகலூர் சாலையில் இருந்த ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். கடையை நடத்தியவர் ஒரு பெண்மணி. எங்களைவிட மூத்தவர் இல்லை என்றாலும் வாடிக்கையாளர் எல்லோருக்கும் அவர் அக்காதான். வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். வாரண்ட்டி இன்னும் முடியவில்லை, பழைய டிஸ்க்கைத் திருப்பி அனுப்பினால் கம்பெனி புதியது கொடுக்கும், தன்னிடம் இருக்கும் ஒன்றை இப்போதே போட்டுத் தருகிறேன் என்றார். இன்சார்ஜ் மெல்ல, "உள்ள பொம்பளைப் பிள்ளை படம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் நாங்கள் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. பிரஸ் இறங்கும்போதெல்லாம் தரை அதிரும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினார். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "சார், பழைய டிஸ்க்க ஆறவெச்சு மாட்டினேன், கிடைக்குது. கூரியர்காரர் வர்றதுக்குள்ள உள்ள இருக்கறதெல்லாம் எடுத்துடவா சார்?"

"எடுத்துருங்கம்மா. ஒண்ணு விடாம எடுத்துருங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அதுக்குத்தான குடுத்துருக்கு."

பேசி முடித்தபின் அவர் முகத்தில் இருந்த நிம்மதியை வைத்து அன்று கேண்டீனில் அவரைக் கிண்டல் செய்தோம். சாம்பார் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதை அந்தத் தொழிற்சாலையில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனபோது கணினி தயாராக இருந்தது. புது டிஸ்க், புதிதாக ஏற்றிய விண்டோஸ். திரையில் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பச்சை மேடும் நீல வானமும். இன்சார்ஜ் உற்சாகமாக இருந்தார். "இது எந்த ஊரும்மா, அஞ்செட்டி மலைப் பக்கமா?" என்றார்.

"அஞ்செட்டிக்கு பஸ்ஸே ஒழுங்கா இல்ல சார். அங்க போய் யாரு போட்டோ புடிச்சாங்க" என்று அக்கா சிரித்தார்.

இன்சார்ஜ் படங்கள் இருக்கவேண்டிய இடத்தைத் திறந்தார். கம்பெனியே போட்டுவைத்த மாதிரிப் படங்கள் மட்டும் இருந்தன. ஒரு நீல மலை, சில அல்லிப் பூக்கள்.

"படத்தை எங்க வச்சிருக்கீங்க?"

"எந்தப் படம் சார்?"

"நீங்க எடுத்தது. எடுத்துட்டீங்கல்லா?"

"எடுத்துட்டேனே சார். நீங்கதான சொன்னீங்க, ஒண்ணு விடாமன்னு."

"ஆமா. அது எங்க இருக்கு?"

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் பேசியிருந்தார்கள் என்பது எனக்கு விளங்கியபோது அவர்களுக்கும் விளங்கியிருக்க வேண்டும். துணியில் கறையை எடுப்பது, வரப்பில் களையை எடுப்பது என்று நாம் எல்லோருமே அந்தச் சொல்லை நீக்குவதற்கும் வைத்திருக்கிறோம். பத்திரப்படுத்துவதற்கும் அதையே வைத்திருக்கிறோம். அக்காவின் வீட்டுத் தெலுங்கில் அந்த இடத்தில் வருகிற சொல் நீக்குவது என்ற பக்கமே சாயும். பெண்பிள்ளை படம் உள்ளே இருக்கிறது என்று இன்சார்ஜ் சொன்னதை, அது வெளியே யார் கையிலும் போய்விடக்கூடாது என்ற கவலையாக அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் சாதாரணமாக அழிக்காமல், மறுபடி யாரும் மீட்க முடியாதபடி மேலே பூஜ்யங்களை எழுதி அழித்திருந்தார். "நின்னு நின்னு ஓடிச்சு சார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கல நான்" என்றார். பிறகு தெலுங்கில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டிஸ்க் கூரியரில் போயிருந்தது. போகாமல் இருந்திருந்தாலும் அதில் ஒன்றும் இல்லை.

இன்சார்ஜ் கோபப்படவில்லை. "பொம்பளைப் பிள்ளை படம்னு பாத்துச் செஞ்சிருக்கீங்க. வேற யாரு செய்வா" என்று சொல்லிவிட்டு, பையில் கணினியை வைத்து ஜிப்பை இழுத்தார். அந்த ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அவர் எடுத்துக்கொண்ட நேரம் எங்கள் மூவருக்கும் கஷ்டமாக இருந்தது.

ஒரு வழி பாக்கி இருந்தது. முந்தைய வருடம் மகளின் பிறந்தநாளுக்கு அதுவரையான படங்களை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். மாஜி மனைவிக்குப் போன் செய்து கேட்கலாம். அவர் கேட்கவில்லை. அடுத்த சந்திப்புக்குக் காத்திருந்தார். அன்று என்னையும் கூட வரச் சொன்னார். தொலைந்ததைத் தனியாகக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பூங்காவில் மகளுக்கு மீன் வறுவல் வாங்கித் தந்தார். அவள் முள்ளை ஒதுக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்து, யதேச்சையாகக் கேட்பதுபோல், "அப்பா ஒரு சிடி தந்தேம்லா, அது இருக்காம்மா?" என்றார்.

"இருக்குப்பா. மொட்டமாடில வடகம் காயப்போடற எடத்துல தொங்குது. காக்கா வரக்கூடாதுன்னு அம்மா நூல்ல கட்டி உட்டுட்டாங்க. வெயில்ல செமையா மின்னும்."

"ஓடுமா அது?"

"எங்க வீட்டுல கம்ப்யூட்டரே இல்லையேப்பா. எதுல போட்டுப் பாக்கறது?"

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "காக்கா வரலை இல்ல?" என்று கேட்டார். வரவில்லை என்று அவள் தலையாட்டினாள். பிறகு கேமராவை எடுத்து அவளை ஒரு படம் எடுத்தார். திரும்பி வரும் பேருந்தில் ஓசூர் நெருங்கும்போது, "கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு நான் சிடி குடுத்துருக்கேன் பாத்தீங்களா தம்பி" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து அவர் கணினியை வாங்கி ஏதோ பார்க்க நேர்ந்தபோது கவனித்தேன். பழைய மாதங்களின் ஃபோல்டர்களை எல்லாம் மறுபடி உண்டாக்கி, வரிசை தப்பாமல் பெயர் போட்டு வைத்திருந்தார். எதைத் திறந்தாலும் உள்ளே ஒன்றும் இல்லை. கடைசியாக இருந்த ஒன்றில் மட்டும் மீன் முள்ளோடு அவள் இருந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் அக்காவின் கடையில் இரண்டு சிடிகள் போட்டு, ஒன்றை என்னிடம் கொடுத்துவிடுவார். "உங்களுக்குத்தான் நாள் தேதி பாத்துப் பழசைச் சேத்து வைக்கிற புத்தி இருக்கு. ஒண்ணு உங்ககிட்ட கெடக்கட்டும்." எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை, பிறகும் ஆகவில்லை. நான் வேறு வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனபின்பும் தபாலில் அனுப்பினார். ஒரு கட்டத்தில் அனுப்புவது நின்றது. விசாரித்தபோது வேலையை விட்டுவிட்டு ஓசூரிலிருந்தே போய்விட்டதாகச் சொன்னார்கள். எண்ணும் மாறியிருந்தது.

போன மாதம் அந்தச் சிடிகளை எல்லாம் புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். இப்போதைய கணினிகளில் சிடி போடும் இடமே இல்லை, அதற்கென்று தனியாக ஒரு டிரைவ் வாங்க வேண்டியிருந்தது. வந்தபோது ஒருமுறை பார்த்து உறையில் போட்டு மூடியவைதான். சில ஓடவில்லை. ஓடியவற்றில் அவள் மாதம் மாதமாக உயர்ந்துகொண்டே போனாள். பார்க்கிற திசையும் மெல்ல மாறியது. முதலில் கேமராவை, பிறகு தண்ணீரை, பிறகு கைக்கடிகாரத்தை. எனக்கு யாருமல்லாத ஒரு பெண் வளர்ந்ததை நான் மட்டும் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்த சிடியை மட்டும் அப்போது பிரித்ததே இல்லை என்று உறையைப் பார்த்ததும் தெரிந்தது. அதில் ஒரே ஒரு படம். பூங்காவின் சிமெண்ட் பெஞ்சு, அதன்மேல் பிரிக்காத பொட்டலம் ஒன்று, பின்னால் அணைத் தண்ணீர். ஆள் யாருமில்லை. அன்றைக்கு அவள் வரவில்லை. அவர் வந்திருக்கிறார், காத்திருந்திருக்கிறார், திரும்பும் முன் ஒரு படம் எடுத்திருக்கிறார். சிடியின் மேல் வழக்கம்போல மாதத்தின் பெயர் இருந்தது. நானும் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அந்தப் பெஞ்சை அதில் வைத்தேன்.