ஊசி போட்ட பாதி

ஊசி போட்ட அன்று நின்றவர்கள்: மிருக வைத்தியர், அவருடைய ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த ஆள், மயிலிட்டியில் படகும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியார், என் புருசன், நான். பட்டிக்குள் தாய்ப் பன்றியும் எட்டுக் குட்டிகளும்.

தாய் சம்மாட்டியாருடையது. எங்களிடம் பங்கு வாரத்துக்கு விட்டிருந்தார். தீனி எங்கள் பாடு. குட்டியில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. உடுவிலுக்கு நடந்து, விடுதிச் சமையலறையின் கழிவுச் சோற்றை வாளியில் சுமந்து வருவது நான். என் பங்கில் ஒரு பெட்டைக் குட்டி வந்தால் போதும். அதைத் தாயாக வளர்த்துவிட்டால் பிறகு ஒருவருக்கும் பாதி கொடுக்கத் தேவையில்லை. அந்த ஒரு எண்ணத்தில்தான் சுமந்தேன்.

பக்கத்துச் சண்டிலிப்பாயில் பன்றிக் காய்ச்சல் வந்துவிட்டது. வைத்தியர் கொண்டுவந்தது புது மருந்து. இன்னும் சோதித்துப் பார்க்கிற மருந்து. பாதிக் குட்டிகளுக்குப் போடுவாராம், பாதியைச் சும்மா விடுவாராம். எல்லாம் ஒரே பட்டியில் நிற்க வேண்டும். நோய் வந்தால் மருந்தின் குணம் தெரியும் என்றார்.

சம்மாட்டியாருக்கு ஊசியில் நம்பிக்கை இல்லை.

“உந்த ஊசி குத்தித்தான் சாகும். குத்தாத பாதி என்ரை. தாயிலையும் கை வைக்காதேங்கோ, ஐயா.”

“அப்ப குத்தினது எங்கடை” என்றேன்.

“ஓம், ஓம். நீயே வைச்சிரு, பிள்ளை.”

நாலு குட்டிக்கு ஊசி போட்டார்கள். அடையாளத்துக்குக் காதில் வெட்டினார்கள். அதில் இரண்டு பெட்டை.

மழைக்கு முன் காய்ச்சல் எங்கள் பட்டிக்கும் வந்தது. தாய் தின்னவில்லை. பின்னங்கால் தள்ளாடியது, காது நாவற்பழ நிறமானது, செத்தது. காது வெட்டாத குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்து ஒவ்வொன்றாகப் போயின. குழி வெட்டித் தாட்டுத் தாட்டுக் கை சலித்தது. காது வெட்டியவை தின்றுகொண்டிருந்தன.

வைத்தியர் வந்து பார்த்தார். “மருந்து பிடிச்சிருக்கு” என்றார். அவருக்குச் சந்தோஷம்.

பிறகு சம்மாட்டியார் கயிற்றோடு வந்தார்.

“என்ரை பங்கு எங்கை?”

“பின்வளவிலை தாட்டிருக்கு. வேணுமெண்டால் கிண்டி எடுங்கோ.”

“வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. பிடிச்சுக் கொண்டுபோனால்தான் பங்கு. நான் பிடிக்கேல்லையே. நிக்கிறதிலை பாதி.”

வாரத்தில் வழக்கம் அதுதான். புருசனைப் பார்த்தேன்.

“விடப்பா” என்றார் என்னிடம்.

சம்மாட்டியார் பெட்டை இரண்டையும் பார்த்துப் பிடித்துக் காலைக் கட்டினார்.

மறுநாளும் வாளியைத் தூக்கினேன். பட்டியில் ஆண் குட்டி இரண்டு.