மாஸ்டருக்கு மூக்கடைப்பு

நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருக்கும். எதிரே யாராவது விறுவிறுவென்று நடந்து வந்தால் போதும், கால் தானாக அழுந்தும். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தே தலை நரைத்தவர் அவர். அந்த பிரேக் மட்டும் இல்லையென்றால் இதற்குள் நான் இரண்டு பெட்டிக்கடைகளையாவது சாய்த்திருப்பேன்.

இந்த வயதில் கார் கற்றுக்கொள்வது வேண்டாத வேலை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்காகவே சேர்ந்தேன். மாஸ்டர் என்னை 'மேடம்' என்று கூப்பிடுவார். கியரைத் தப்பாகப் போட்டால் 'அம்மா'. சுவரைப் பார்த்துப் போனால் 'தாயே'. பெரும்பாலான நாட்களில் நான் தாயாகத்தான் வீடு திரும்புகிறேன்.

மடிப்புக் கலையாத சட்டை. பையில் சீப்பு. காரைவிட்டு இறங்கும்போதெல்லாம் கதவை அடித்துச் சாத்தாமல், தூங்குகிற பிள்ளையின் அறைக் கதவைப் போல மெதுவாக அழுத்திச் சாத்துவார். அவரிடம் இரண்டு கண்ணாடிக் கூடுகள் உண்டு. ஒன்றில் மூக்குக் கண்ணாடி. இன்னொன்றில் என்ன என்று கேட்டால் "அதுவும் கண்ணுக்குத்தான் மேடம், ரோட்டைப் பாருங்க" என்பார். அது கண்ணுக்கு இல்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு ஜலதோஷம் வர வேண்டியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை முகக்கவசத்தோடு வந்தார். மூக்கு சுத்தமாக அடைத்து, 'மேடம்' 'பேடம்' ஆகிவிட்டது. வழியெல்லாம் இருமல். விடுப்பு எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். வீட்டுக்கே போகவில்லை என்றார். வெளியூரில் இருக்கும் மகள், பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தையை முதல் முறையாகக் கொண்டுவந்திருக்கிறாள். அவள் வந்து இறங்கிய அன்று காலையில்தான் இவருக்குத் தும்மல் ஆரம்பித்தது. பெட்டியை உள்ளே வைத்தவர், பேத்தியின் முகத்தைக் கதவோரமாக நின்று பார்த்துவிட்டு, போர்வையும் தலையணையுமாக டிரைவிங் ஸ்கூல் ஆபீஸுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அங்கே இருக்கிற பெஞ்சில்தான் படுக்கை.

"சனிக்கிழமை கிளம்பிடுவாங்க. அதுக்குள்ள சரியாயிடணும்" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, மூக்கிடம் சொன்னாரா தெரியவில்லை.

மறுநாள் பாதி வகுப்பில், மருந்துக் கடை வாசலில் ஓரம் கட்டச் சொன்னார். என்னை வண்டியோடு தனியாக விட்டுப்போக அவருக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. சாவியை உருவிக்கொண்டு என்னையும் இறக்கிவிட்டார்.

"முன்னெல்லாம் ஒரு மாத்திரை தருவீங்களே, போட்ட ஒரு மணி நேரத்துல மூக்கு திறந்துக்கும். அது ஒரு அட்டை கொடும்மா" என்றார்.

கடைப் பெண் அட்டையை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாய்யா? பிரஷர், சுகர்?" என்றாள்.

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நாகரிகம் தெரிந்தவளாக இருந்திருந்தால் நகர்ந்து போயிருப்பேன். இருமல் மிட்டாய் டப்பாவை ஆராய்வது போல அங்கேயே நின்றேன். அவர் பெருமூச்சு விட்டு, இரண்டாவது கண்ணாடிக் கூட்டைத் திறந்து கடை மேஜைமேல் வைத்தார். உள்ளே கலர் கலராக மாத்திரைகள்.

"ஹார்ட்டுக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியாச்சு மேடம், பயப்படாதீங்க. வெளிய சொல்லிடாதீங்க. ஹார்ட் பேஷண்ட் பக்கத்துல உக்காந்து யாரு கத்துக்குவாங்க?"

என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த இதயம் ஓடுகிறது என்றால் அது நல்ல கெட்டியான இதயம்தான் என்று சொன்னேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கடைப் பெண் அட்டையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். "நல்லவேளை சொன்னீங்க. இதுல மூக்கைத் திறக்கற மருந்து இருக்கு. அது ரத்தக் குழாயைச் சுருக்கும். பிரஷர் ஏறும், படபடப்பு வரும். உங்களுக்கு ஆகாது. சளி மாத்திரை, சிரப் எதுவா இருந்தாலும் கேக்காம வாங்காதீங்க. நாலஞ்சு மருந்தை ஒண்ணாக் கலந்திருப்பாங்க, வலி மாத்திரைகூட சேர்ந்திருக்கும்."

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"மூக்குக்கு உப்புத் தண்ணி ஸ்ப்ரே தரேன். இருமலுக்கு வெந்நீர்ல தேன் போட்டுக் குடிங்க. காய்ச்சல், உடம்பு வலின்னா பாராசிட்டமால், அதுவும் அட்டையில போட்டிருக்கற அளவுதான். உங்க மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, கால் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

"அது சரிம்மா. எத்தனை நாள்ல போகும்?"

"அதுவாப் போகும்போதுதான்யா போகும்."

அப்போதுதான் மாஸ்டர் பேத்தியைப் பற்றிச் சொன்னார். ஒரே ஒரு மாத்திரை போட்டால் என்ன, சனிக்கிழமைக்குள் மூக்கு திறந்துவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாமே என்று கேட்டார். கேட்ட விதம் பேரம் பேசுவது போலத்தான் இருந்தது.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "மாத்திரை போட்டா மூக்கு திறக்கும், அவ்வளவுதான். சளி உள்ளேயேதான் இருக்கும். குழந்தைக்கு ஒட்டிக்கும்யா."

மாஸ்டர் காசை எடுத்து வைத்தார். ஸ்ப்ரேயை வாங்கிக்கொண்டார்.

மறுபடி காரை எடுத்தோம். நான் கியரைக் கடகடவென்று அரைத்தும் 'அம்மா'கூட வரவில்லை. சிக்னலில் நின்றபோது கேட்டார்: "உங்க பிள்ளைங்க பொறந்தப்போ, கையில வாங்கினா எவ்வளவு கனம் இருந்துச்சு மேடம்?"

"மூணு கிலோ இருக்கும் மாஸ்டர்."

"கிலோ தெரியும். என் பேத்தி நாலு கிலோவாம், எடை போட்டுப் பாத்துட்டாங்க. கையில எவ்வளவுன்னு கேக்கறேன்."

சிக்னல் மாறிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிகிற நேரம், "அந்தத் தெருவுல திருப்புங்க" என்றார். அது அவர் வீட்டுத் தெரு. எதிர்ப்புறம் நிறுத்தச் சொல்லி இறங்கி, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நின்றார். மாடி ஜன்னலில் மகள் குழந்தையோடு வந்தாள்.

"அப்பா, கொட்டாவி விடறா பாருங்க!"

"கழுத்து, கழுத்தைப் பிடிம்மா" என்று இங்கிருந்தே கட்டளை போட்டார். அப்படிச் சொல்லும்போதே அவருடைய இரண்டு கைகளும் தாமாக மடங்கி, எதையோ ஏந்திக்கொண்டது போல நின்றன. எதுவும் இல்லாத அந்தக் கைகளை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டேன். இருபதடி தூரத்தில் பேத்தி இருக்கிறாள், மனுஷனால் தொட முடியவில்லை. எனக்கு அந்த ஜலதோஷத்தின்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை அவர்கள் கிளம்பிவிட்டார்கள். தானே ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று மாஸ்டருக்கு ஆசை. மூடிய காரில் குழந்தையோடு எப்படிப் போவது? வாடகைக் கார் வந்தது. தெருமுனையில் நின்று, அது ரிவர்ஸில் வருவதற்குக் கை காட்டி வழி சொன்னதுதான் அவர் பேத்திக்குச் செய்ய முடிந்தது.

இதையெல்லாம் திங்கட்கிழமை அவரே சொன்னார். முகக்கவசம் இல்லை. 'பேடம்' மறுபடி 'மேடம்' ஆகியிருந்தது.

"நேத்து காலையில பல் தேய்க்கறேன், பட்டுனு திறந்துக்கிச்சு. சனியன், ஒரு வாரம் முன்னாடி திறந்திருக்கக் கூடாதா?" என்றார். மறுபடி எப்போது வருவார்கள் என்று கேட்டேன். "லீவு கிடைக்கணுமே. அடுத்த தடவை நடந்து வந்துடுவா போல" என்றார்.

மைதானத்தை ஒட்டிய ரோட்டில் நிறுத்தச் சொன்னார். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பின் இருக்கையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். வாய் முறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு குழந்தைக் குல்லா.

"விட்டுட்டுப் போயிட்டாங்க. என் வீட்டுக்காரி துவைக்கப் போட எடுத்தா. பிடுங்கி வச்சுக்கிட்டேன்."

பையைத் திறந்து, முகத்தை உள்ளே வைத்து, ஒரே ஒரு மூச்சு இழுத்தார். எடுத்த வேகத்தில் பையின் வாயை முறுக்கி மூடினார்.

"இன்னொரு தடவை மோந்து பாருங்களேன் மாஸ்டர்" என்றேன்.

"வேணாம் மேடம். அடிக்கடி திறந்தா போயிடும்" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார். வகுப்பு முடியும்வரை பையின் கழுத்தைப் பிடித்த அந்தக் கை தளரவே இல்லை.