பைக்குள் இருந்த விலாசம்

துணிக் கிடங்கில் சட்டைகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. பத்து வருடம் புருஷனோடு மல்லுக்கட்டிவிட்டு, போன மாதம்தான் மகளைக் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனாள். புது விலாசத்தைக் கூடப்பிறந்த அக்காளிடம்கூடச் சொல்லவில்லை. அடையாள அட்டைக்கு மட்டும் கொடுத்தாள். "சிப்புக்குள்ள பத்திரமா இருக்கும்மா" என்று அட்டை கொடுத்த அலுவலகத்தில் சொன்னார்கள்.

இன்று காலை கிடங்கின் வாசலில் காவலாளி பல்லைக் காட்டினான்.

"என்னக்கா, மூணாவது மாடியாமே? முழங்கால் வலிக்கல?"

அவள் நடையை நிறுத்தினாள். "உனக்கு யாருடா சொன்னா?"

"உங்க பைதான் சொல்லுச்சு." அடையாள அட்டை இருந்த அவள் தோள்பைமேல் கைப்பேசியை வைத்தான்; அது சிப்பைப் படித்தது. திரையில் அவள் முகம், பிறந்த தேதி, கதவு எண். "இங்க வேலை பாக்கற எல்லாரோடதும் எங்கிட்ட இருக்கு. சும்மா ஒரு பொழுதுபோக்குதான்."

பையைச் சோதிக்கிற சாக்கில் அவன் தினமும் ஒட்டி நின்றது நினைவுக்கு வந்தது. மேலே கையை வைத்திருந்தால் அன்றைக்கே அறைந்திருப்பாள்; அவன் வைத்ததோ கைப்பேசியை.

"எம் புருஷன் இங்க வந்தானா?"

"மாமா தங்கமான மனுஷன்க்கா. நேத்து டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு. பாவமா கேட்டாரு, சொல்லிட்டேன்."

அவன் காலடியில் காறித் துப்பினாள். உள்ளே போகாமல் மகளின் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள். அங்கிருந்து பிள்ளையை எந்த வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.