இருங்காட்டுக்கோட்டையில் எட்டாவது பாட்டு

அல்ஜீரியக் கல்யாண வீடுகளில் ஆட்டம்போட வைக்கும் ராய் இசையையும் ஜாஸையும் கலந்து ஓர் ஆல்பம் தயாராகிறது, அதில் டிரம்பெட் வாசிப்பவர் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டால், வம்புக்கு அலையும் நான் வீட்டில் இருப்பேனா? ஆள் பெயர் ஜெரால்டு. தூத்துக்குடிப் பக்கம் மாதா கோயில் பேண்டில் ஊதிப் பழகியவர். பாரிஸிலிருந்து பாடகர் கரீம் பாட்டைப் போனில் அனுப்புவார். இவர் தன் பங்கை ஊதிப் பதிந்து திருப்பி அனுப்புவார். ஏழு பாட்டு முடிந்திருந்தது.

எட்டாவதைப் பதியும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அவருக்குப் புதன்கிழமை விடுமுறை. புதனன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, ஞாயிறுதான் எனக்குத் தோது என்றேன்.

"பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றார்.

போன ஞாயிறு காலை 8.10க்குப் பூந்தமல்லியில் பஸ். பதினேழு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், இருபத்து மூன்று ரூபாய். ஜன்னலோர இடம். இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"இன்னா சார், வேலைக்கு வந்துகினியா? இந்த வயசுல எட்த்துக்க மாட்டானுங்களே" என்றார் டிரைவர்.

"சூப்பர்வைசராகக்கூடவா?"

"தொப்பைய பாத்தா ஓனர் மாரி கீது."

ஆட்டோவே சிரித்தது. அன்று நான் சிரித்தது அதோடு சரி.

மாடியில் தகரக் கூரை அறை, ஆறு பாய்கள். ஒன்றில் ஜெரால்டு உட்கார்ந்திருந்தார். வலது கை முழுக்கக் கட்டு. அறைத்தோழர் முத்துதான் விஷயத்தைச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம லீவு கேட்டான், குடுக்கல. இன்னொருத்தன இன்னைக்கு வரச்சொல்லிட்டு, அவன் ஷிப்டையும் சேத்துச் செவ்வாக்கெழம பாத்தான். விடியக்காலம் கண்ணு சொக்கிட்டு. மெஷின்ல ரெண்டு வெரலு போயிட்டு அண்ணாச்சி."

டிரம்பெட்டில் பொத்தான் மூன்று. மூன்றும் வலது கைக்கு.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"வாரேன்னு சொன்னவங்கள வராதீங்கன்னு எப்படிச் சொல்ல?" என்றார் ஜெரால்டு.

இடது கையால் டிரம்பெட்டை எடுத்து, எதையும் அழுத்தாமல் ஊதினார். மூன்று சுரங்கள்தான் வந்தன. அவற்றிலேயே ஏறி இறங்கினார். முத்து தன் போனில் அதைப் பதிவு செய்யப் பார்த்தார்.

"வேண்டாம்ல. லாரி ஹாரன் கணக்கா இருக்கு."

அப்போது ஜெரால்டின் போன் மினுங்கியது. கரீம்தான்: எட்டாவது தயாரா? விபத்தை அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. ஜெரால்டு போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எழுதிருங்க அண்ணாச்சி. எழுதுத ஆளு நீங்கதானே."

நான்கு முறை எழுதி அழித்தேன். ஐந்தாவது தடவை அனுப்பியதில் ஞாயிறு கேட்டது யார் என்பதையும் சேர்த்திருந்தேன்.

இந்தப் பக்கம் யாரையாவது பார்க்கப் போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் கடுமை. அவர்களுக்கு என்றைக்கு விடுமுறை என்று கேட்டு அன்றைக்கே போங்கள். புதன்கிழமையும் பஸ் ஓடுகிறது. அதே இருபத்து மூன்று ரூபாய்தான். நாற்பது நிமிடம் நின்றுகொண்டு போகலாம்.