எந்தத் துறையிலும் சேராத பட்டம்

என் முனைவர் பட்டச் சான்றிதழில் துறை என்ற இடத்தில் 'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. சான்றிதழ் வாங்கிவந்த அன்று அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னா படிப்பும்மா? யார்னா கேட்டா இன்னான்னு சொல்றது?"

"தமிழையும் கம்ப்யூட்டரையும் சேத்துப் படிக்கிறதுப்பா."

"அப்போ ரெண்டு பக்கமும் வேலைக்குப் போலாம்" என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கிற குடும்பம் எங்களுடையது. நான் இளங்கலையில் கணினி அறிவியல் படித்தேன். முதுகலைக்குத் தமிழை எடுத்தேன். வேறு வழியில்லாமல் மாறியவள் இல்லை, இரண்டும் பிடித்துத்தான் படித்தேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கல்வெட்டுகளில் வரும் நில எல்லைகள். கோயிலுக்கு நிலம் கொடுத்தால் அதன் நான்கு பக்கமும் எதுவரை என்று கல்வெட்டில் சொல்லியிருப்பார்கள். கிழக்கே இன்ன வாய்க்கால், தெற்கே இன்ன ஏரிக்கரை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கும். அச்சில் வந்த தொகுதிகளிலிருந்து அந்த வரிகளை எல்லாம் தட்டச்சு செய்தேன். பிறகு அந்த ஏரியும் மதகும் வாய்க்காலும் இன்றும் அதே பெயரில் இருக்கின்றனவா என்று பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ள, போனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தேன். அடி அண்ணாமலையில் ஆரம்பித்தது, நான்கு வருடம் ஆனது. பஸ் போகாத ஊர்களுக்கு அப்பா பைக்கில் கொண்டுபோய் விட்டார். கடைசியில் இணையத்தில் ஒரு வரைபடம் உருவானது. ஒரு புள்ளியைத் தொட்டால் அந்த ஏரியைப் பற்றிய கல்வெட்டு வரி திறக்கும்.

பட்டம் வாங்கியதும் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறையில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். நிரந்தரப் பணிக்கு விண்ணப்பித்தபோது, பாடம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. தமிழ் என்று போட்டால் முனைவர் பட்டம் தமிழில் இல்லை. கணினி என்று போட்டால் முதுகலை கணினியில் இல்லை. இணைச்சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள், அதாவது இந்தப் பட்டம் இன்ன பாடத்துக்குச் சமம் என்று ஒரு பல்கலைக்கழகம் எழுதித் தரவேண்டும். எழுதிக் கேட்டேன். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தத் துறையின் எல்லை இன்னும் வரையறுக்கப்படவில்லை, ஆகவே எதற்குச் சமம் என்று சொல்ல இயலாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரியிலேயே அந்தப் பெயரில் ஒரு பட்டயப் படிப்பு தொடங்கலாம் என்று பேச்சு வந்தது. முதலில் துறையின் எல்லையை வரையறுக்க ஐந்து பேர் குழு போட்டார்கள். முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் அதுல டாக்டரேட். ஆனா கெஸ்ட் லெக்சரர கமிட்டில போட ரூல் இல்லம்மா. ஏற்பாடெல்லாம் பாத்துக்கங்க. மினிட்ஸும் நீங்களே எழுதிடுங்க."

கணினித் துறையில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். என் வரைபடத்துக்கு வேண்டிய சின்ன நிரல்களை எழுதிக் கொடுத்தவள். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சுப்பா. இவங்க எல்லை போட்டாங்கன்னா அந்த பேப்பரக் காட்டியே உன் சர்டிஃபிகேட்ட வாங்கிடலாம்" என்றாள். அந்த வாரம் முழுவதும் நான் தெம்பாக இருந்தேன்.

கூட்டம் பௌர்ணமிக்கு முந்தின நாள். வெளியூரிலிருந்து வந்த குழுத் தலைவரின் காரை, கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே திருப்பிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு அவர் வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. நான் முதல் வரியைத் தட்டச்சு செய்வதற்குள்ளாகவே பெயரில் சண்டை வந்தது. ஒருவர் 'மின்னணு மானுடவியல்' என்றார். மானுடவியல் என்பது வேறொரு துறை, குழப்பிவிடும் என்றார் இன்னொருவர். டிஜிட்டலுக்கு 'எண்ணிமம்' என்ற சொல்லைத் தமிழ்த்துறைத் தலைவர் சொன்னார். "எண்ணிமம்னா எந்தப் பிள்ளைக்குப் புரியும்?" என்று கணினித் துறைத் தலைவர் கேட்டார். சாப்பாட்டு நேரம்வரை இதுவே ஓடி, கடைசியில் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னார்கள்.

பிற்பகலில் குழுத் தலைவர், "உதாரணம் ஒண்ணு பாத்தா தெளிவா இருக்கும். உங்க வேலையக் காட்டுங்கம்மா" என்றார்.

திரையில் வரைபடத்தைத் திறந்தேன். தமிழ்த்துறைத் தலைவர் எழுந்து பக்கத்தில் வந்தார். தன் ஊரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "இது எங்க சித்தேரிம்மா! இந்த மதகுலதான் நான் நீச்சல் கத்துக்கிட்டது. இதுவா கல்வெட்டுல இருக்குது?" என்று வரியைச் சத்தமாகப் படித்தார். மற்றவர்களும் எழுந்து வந்து நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு ஊர் பெயரைச் சொன்னார்கள். நான்கு வருடம் வெயிலில் அலைந்ததற்கு அந்தப் பத்து நிமிடம் போதும் என்று நினைத்தேன்.

எல்லோரும் நாற்காலிக்குத் திரும்பினார்கள்.

"மேடம், இதுல நீங்க எழுதுன ப்ரோகிராம் எது?" என்று கணினித் துறைத் தலைவர் கேட்டார்.

வரைபட மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது, சின்னச் சின்ன நிரல்கள் மட்டும் எழுதியது, அதுவும் தோழியின் உதவியோடு என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்போ இது யூஸ் பண்றது. யூஸ் பண்றதெல்லாம் எங்க சப்ஜெக்ட்ல வராதுங்க."

நான் தமிழ்த்துறைத் தலைவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கல்வெட்டுக்குப் புதுசா ஒரு வாசிப்பு இதுல இல்லையே. அச்சுல வந்ததத்தான எடுத்திருக்கீங்க. எடம் காட்றது நில அளவைல வரும். ஆய்வுன்னு சொல்றதுக்கு வெளக்கம் கம்மியா இருக்குதும்மா."

மினிட்ஸ் எழுதுகிறவள் பேசக்கூடாது என்று தெரியும். ஆனாலும் கேட்டேன். "அப்ப நான் செஞ்சது எதுல சேரும் ஐயா?"

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை. "நல்ல வேலைம்மா. அதுல சந்தேகமே இல்ல. ஆனா எல்லாத்தையும் உள்ள விட்டா அது துறையா இருக்காது. எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும்" என்றார். பிறகு தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "தரவு சேகரிப்பு, களப்பணி வரைபடம் தயாரித்தல் போன்ற துணைப் பணிகள் இத்துறையின் எல்லைக்குள் அடங்காது."

அவர்கள் தேநீர் குடிக்கப் போனபோது தோழி உள்ளே வந்து திரையைப் படித்தாள். கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "'அடங்கும்'னு மாத்திடுப்பா. ஒரு வார்த்தைதான? கையெழுத்து போடும்போது எவனும் படிக்கமாட்டான்" என்றாள்.

கர்சரை அந்தச் சொல்லில் வைத்தேன். அழிக்கவும் செய்தேன். வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு 'அடங்காது' என்றே திரும்ப அடித்தேன். அது நேர்மையா பயமா என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து பேரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

பட்டயப் படிப்பு தொடங்கப்படவே இல்லை. விண்ணப்பித்தவர்கள் போதவில்லை என்றார்கள். குழு கலைந்தது, அனுமதிக்காகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அந்தக் காகிதம் மட்டும் உயிரோடு இருந்தது. மறுபடியும் இணைச்சான்று கேட்டு எழுதியபோது பல்கலைக்கழகம் இந்த முறை சீக்கிரமே பதில் அனுப்பியது. என் ஆய்வு அந்தத் துறையின் எல்லைக்குள் வரவில்லை என்று எழுதி, ஆதாரமாக அந்த மினிட்ஸின் நகலை இணைத்திருந்தார்கள். கீழே 'பதிவு செய்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. யாரோடு சண்டை போடுவது?

அடுத்த கல்வியாண்டில் கல்லூரி என்னைத் திரும்ப எடுக்கவில்லை. ஆய்வு மாணவர்களின் பழைய இணையக் கணக்குகளைப் பல்கலைக்கழகம் மூடியபோது வரைபடமும் போனது. கோப்புகளின் நகல் என்னிடம் இருக்கிறது. அதை எங்கே வைப்பது, யார் பார்ப்பார்கள் என்று தெரியாததால் நான் திறப்பதில்லை. இப்போது ரமணாசிரமம் பக்கம் வந்து தங்குகிறவர்களுக்குப் பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தண்ணீர் கேட்க, ஆட்டோ கூப்பிட, விலை குறைக்கச் சொல்ல. இரண்டு மாதத்தில் போய்விடுவார்கள், வேறு ஆட்கள் வருவார்கள், மறுபடியும் தண்ணீரிலிருந்து ஆரம்பிப்பேன்.

தோழி வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். போன மாதம் மதிய இடைவேளையில் போன் செய்தாள். நிரந்தரப் பணிக்குப் புதிதாக ஒரு அறிவிப்பு வந்திருப்பதைச் சொன்னாள்.

"இன்னொரு வாட்டி அப்ளை பண்ணிப் பாருப்பா."

"சப்ஜெக்ட்ன்ற எடத்துல இன்னா போடறது?"

அவள் யோசித்தாள். நானும் காத்திருந்தேன். அவள் பக்கம் மணி அடித்தது, வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.