பாதியில் நின்ற தந்தி

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். கணவருக்கு விழுப்புரம் தந்தி ஆபீசில் வேலை. தினமும் ரயிலில் போய் வருவார்.

அந்தச் சமயத்தில் அவர் ஆபீசுக்கு ஒரு பெண் மாற்றலாகி வந்தாள். தந்தியை அச்சடித்துத் தள்ளும் மிஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை. அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் அவள் பேச்சுதான்.

"அந்தப் பொண்ணு இன்னா ஜல்தியா வேலை பாக்குது தெரியுமா?" என்பார். எனக்குச் சோறு இறங்காது. எப்படி இருப்பாள், என்ன புடவை கட்டுவாள் என்று நினைத்து நினைத்தே வெந்துபோவேன்.

ஒருநாள் தாங்க முடியாமல், கேரியரில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நானே ரயிலேறிவிட்டேன். சாப்பாடு ஒரு சாக்குதான்.

ஆபீசில் அவளைப் பார்த்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் இருந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அழகியாக இருந்தாலாவது காரணம் புரிந்திருக்கும்!

கவுண்டருக்கு வெளியே பனமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் தந்திக்காகத் தவித்துக்கொண்டு நின்றார். மனைவியைப் பிரசவத்துக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். மிஷின் கடகடவென்று அடித்தது. அவர் பெயர்தான். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்ததும் மிஷின் மறுபடி ஓடியது. காகிதத்தைப் படித்த என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த விவசாயியின் பெயர், 'மனைவி' என்ற வார்த்தை, அடுத்து 'காலமானார், உடனே வரவும்'.

"இன்னாங்க ஆச்சு என் பொஞ்சாதிக்கு?" என்று அவர் அழவே ஆரம்பித்துவிட்டார்.

"குடுத்துடும்மா. எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருக்காரு!" என்றார் கணவர். உள்ளேயிருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"முடியாதுங்க சார். கரண்ட் இல்லாதப்போ இன்னா வந்துச்சோ, நமக்குத் தெரியாது. இது ஒரு தந்தியா ரெண்டு தந்தியான்னே சொல்ல முடியாது" என்றாள் அவள். அந்த விவசாயியிடம், "உங்க தந்தி இன்னும் முழுசா வரலைங்க. வந்ததும் நானே தர்றேன், உக்காருங்க" என்றாள்.

பிறகு கரண்ட்டை நம்பாமல், பாட்டரியில் வேலை செய்யும், விரலால் தட்டி அனுப்புகிற பழைய தந்திக் கட்டையின் முன்னால் உட்கார்ந்து, 'முதலிலிருந்து திரும்ப அனுப்புங்கள்' என்று மெட்ராசுக்குத் தட்டினாள்.

வந்தது. மனைவிக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம்! 'காலமானார்' என்பது வேறு யாருக்கோ வந்த அடுத்த தந்தியின் கடைசிப் பகுதி. இரண்டுக்கும் நடுவில் வந்ததெல்லாம் கரண்ட்டோடு போயிருந்தது. அந்த மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து கும்பிட்டார். நானும் அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலம் ரயிலில் கணவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திண்டிவனம் வரும்வரை பேசியது நான்தான்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. கணவரைப் பறித்துக்கொள்வாளோ என்ற பயம் அன்றோடு சரி. ஆனால் அத்தனை பேர் அவசரப்படுத்தியும், எதிரே ஒரு மனுஷன் அழுதும், பதறாமல் நின்றாளே, அந்தத் தைரியத்தின் மேல் அன்று வந்த பொறாமை, பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகும் எனக்குத் தீரவில்லை.