மூன்று உருண்டை களியும் ஒரு ‘வதினா’வும்

போன தை மாதம் திருத்தணி பக்கம் ஆர்.கே.பேட்டையில் என் மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணைப் பிடித்தது, களியைத்தான் பிடிக்கவில்லை. மாயவரத்துக்காரிக்குக் கேழ்வரகுக் களி என்ன தெரியும்? மென்றேன். அது மேலண்ணத்தில் அப்பிக்கொள்ள, ஓடிப்போய்த் துப்பிவிட்டேன். ஆசையாகக் கிளறிய பெண்ணின் அம்மா முகம் சுண்டிப்போனது. கல்யாணம் நிச்சயமான பிறகும் அவருக்கு நான் வெறும் ‘மேடம்’தான். எனக்கு அது முள்ளாக உறுத்தியது.

சென்ற சனிக்கிழமை மறுபடி விருந்து. இந்த முறை மானம் போகக்கூடாது என்று, உள்ளூர் வழிகாட்டி ஒருத்தியை ஏற்பாடு செய்துகொண்டு, சென்னையில் காலை ஆறரை மின்சார ரயிலைப் பிடித்து எட்டே முக்காலுக்குத் திருத்தணியில் இறங்கினேன். “வழிகாட்டி எதுக்குடி, செல்போன் இருக்கே” என்ற கணவர், மகனோடு பிறகு காரில் வருவதாக ஏற்பாடு.

தோழி சொல்லியனுப்பிய கோமளா ஆட்டோ ஓட்டுகிறவள். அரை நாளுக்கு ஆட்டோவோடு ஆயிரத்து இருநூறு ரூபாய். முதலில் மலைமேல் முருகன் கோயில். முந்நூற்று அறுபத்தைந்து படி, எனக்கு நாற்பது நிமிடம். நூறாவது படியில் மூச்சு வாங்க நின்றேன்.

“ஒரு படி ஒரு நாளுங்க. இப்ப ஆடி மாசத்துல நின்னுகினு இருக்கீங்க, நடங்க!” என்றாள். சிரித்துக்கொண்டே பங்குனியைத் தொட்டுவிட்டேன்.

தரிசனம் முடிந்து இறங்கியதும் ஒரு சின்ன மெஸ். களி, கீரைக் கடைசல், நாற்பது ரூபாய். கோமளாவிடம் போன தடவைக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு வாய் வைத்தேன்.

“ஐயே, இன்னாம்மா முறுக்கு மாதிரி மெல்றீங்க? கிள்ளுங்க, கடைசல்ல பொரட்டுங்க, அப்டியே முழுங்குங்க. பல்லுக்கு இங்க வேலையே இல்லிங்க.”

இரண்டு முறை புரையேறியது. மூன்றாவது வாய் வழுக்கிக்கொண்டு போனது. அட!

“சம்பந்தி வீட்ல தெலுங்கு பேசுவாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாம்.”

“அப்ப சம்பந்தியம்மாவ வதினான்னு கூப்புடுவாங்க, நம்ம அண்ணி மாதிரி. மேடம்னா நீங்க இன்னும் வாசல்லயே நிக்கிறீங்கன்னு அர்த்தம்.”

ஆர்.கே.பேட்டைக்கு முக்கால் மணி நேரம். ஒரு மணிக்குப் பந்தி. கோமளாவையும் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எனக்கு மட்டும் தனியாகச் சோறு வந்தது.

“எனக்குக் களி இல்லையா?”

“உங்களுக்கு ஆவாதே, மேடம்.”

“போடுங்க!”

கிள்ளினேன், புரட்டினேன், முழுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று உருண்டை! சம்பந்தியம்மா கரண்டியோடு அப்படியே நின்றார்.

“இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா, வதினா?”

கோமளா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, காரம் என்று சமாளித்தேன்.

திருத்தணி போகிறவர்கள் வெயிலுக்கு முன்பே படியேறுங்கள், வெறுங்காலுக்குக் கல் சுடும். உள்ளூர் ஆள் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். நாம் எங்கே தப்பு செய்கிறோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

என் கணவரா? அன்று எதிர் இலையில் வாயைத் திறக்க முடியாமல் களியை மென்றுகொண்டிருந்தார். “செல்போனைக் கேளுங்க” என்றேன்.